சைக்கிள்காரர் மீது விழும் பழி

காரும் சைக்கிளும் மோதிக்கொண்டால், "சைக்கிள்காரன் குறுக்கே வந்திருப்பான்" என்றுதான் முதல் குரல் எழும். அந்த நொடியில் கார் ஓட்டியவரின் கண் எங்கே இருந்தது என்று கேட்பவர் குறைவு.

60 கிலோமீட்டர் வேகத்தில் போகும் கார் ஒரு நொடியில் ஏறக்குறைய 17 மீட்டர் கடக்கிறது. செல்போன் திரையை இரண்டே நொடி குனிந்து பார்த்தால், 33 மீட்டர் தூரம் கண்ணை மூடிக்கொண்டு ஓட்டியதற்குச் சமம். இயர்போனைக் காதில் மாட்டிக்கொண்டு பேசினாலும் ஆபத்துதான். கண் சாலையில் இருக்கும், மனம் பேச்சில் இருக்கும். எதிரே வரும் சைக்கிள் கண்ணில் பட்டும் மனதில் பதியாது.

பழியை யார் மீது போடுவது என்ற கேள்விக்கு நெதர்லாந்து வேறு பதில் சொல்கிறது. அங்கே 1971-ம் ஆண்டு மட்டும் 400-க்கும் அதிகமான குழந்தைகள் சாலை விபத்தில் இறந்தார்கள். பெற்றோர்கள் தெருவில் இறங்கிப் போராடினார்கள். இன்று அங்கே 14 வயதுக்குட்பட்ட பிள்ளை சைக்கிளில் போய்க் கார் மோதி அடிபட்டால், பிள்ளை கவனமில்லாமல் வந்திருந்தாலும், முழு இழப்பீடும் கார் தரப்பின் பொறுப்பு. பெரியவர்களுக்கும் பொதுவாகப் பாதியாவது உண்டு. இது தண்டனை அல்ல, இழப்பீட்டுக்கான விதி. ஒரு டன்னுக்கு மேல் எடையுள்ள வண்டியை ஓட்டுபவருக்குப் பொறுப்பும் கூடுதல் என்பது நியாயம்தானே? அதற்காகச் சைக்கிள்காரருக்குப் பொறுப்பே இல்லை என்றல்ல; சைக்கிள் ஓட்டும்போது போனைக் கையில் பிடிக்கவும் அங்கே 2019 முதல் தடை.

இன்று வண்டியைக் கிளப்பும் முன், போனை எட்டாத இடத்தில் வைத்துவிடுங்கள்.