தக்காளி நாற்றுக்கு வெயில் பழக்குங்கள்

(தொலைக்காட்சிக் கருத்தரங்கு ஒன்றில், சுங்கை ஆயர் தாவார் வட்டாரத்தைச் சேர்ந்த பேச்சாளர் ஆற்றிய உரை)



வீட்டுத் தொட்டியில் தக்காளி வளர்ப்பதைப் பற்றிப் பேசும்படி கேட்டுக்கொண்டார்கள். விதை எங்கே வாங்குவது, என்ன உரம் போடுவது என்பதை மற்றவர்கள் சொல்வார்கள். நான் இடையில் வரும் ஒரு பத்து நாளைப் பற்றி மட்டும் பேசுகிறேன். நான் பார்த்த அளவில், நம் வீட்டு நாற்றுகள் அந்தப் பத்து நாளில்தான் சாகின்றன.

என்ன நடக்கிறது? மைலோ டின்னிலோ பிளாஸ்டிக் கோப்பையிலோ விதை போட்டு, குசினி ஜன்னல் ஓரம் வைக்கிறோம். நான்கைந்து இலை வந்ததும் ஆசை தாங்காமல் ஒரே நாளில் வெளியே கொண்டுபோய் வெயிலில் வைத்துவிடுகிறோம். சாயங்காலம் பார்த்தால் இலை காகிதம்போல் வெளுத்துக் கிடக்கிறது. "தக்காளியெல்லாம் கேமரன் மலைக்குத்தான், நமக்கு ஆகாது" என்று தூக்கி எறிகிறோம்.

தக்காளியைக் குறை சொல்ல வேண்டாம். நிழலில் வளர்ந்த இலை அகலமாக, மெல்லியதாக இருக்கும். அதன் மேலுள்ள மெழுகுப் பூச்சும் மெல்லியது. தண்டு வெளிச்சம் தேடி நீண்டிருக்கும். காற்றை அது அறியாது. அப்படிப்பட்ட பிள்ளையை நட்டநடு வெயிலில் நிறுத்தினால் வேர் தண்ணீர் கொடுப்பதற்குள் இலை கருகிவிடுகிறது. கைப்பேசியில் தேடினால் குளிர்நாட்டுக்காரர்கள் பனிக்கும் குளிருக்கும் நாற்றைப் பழக்கும் முறையைச் சொல்கிறார்கள். நமக்குப் பனி ஏது? நாம் பழக்க வேண்டியது வெயிலுக்கும் மாலை இடிமழைக்கும்.

நேயர்களே, இந்த வித்தை நமக்குப் புதிதல்ல. மலாயாவில் வர்த்தக முறையில் முதல் செம்பனை நடவு 1917ஆம் ஆண்டு நம் கோலசிலாங்கூர் வட்டாரத்துத் தென்னமரம் தோட்டத்தில் நடந்தது. நட்டவர் ஹென்றி ஃபோகோனியே என்ற பிரெஞ்சுக்காரர். தோட்டத்தின் பெயரே நம் தமிழ்தான், பாருங்கள். பின்னாளில் தோட்டத்து நர்சரிகளில் பாலிபேக்கில் மண் நிரப்பி, முளைவிதை ஊன்றி, தண்ணீர் பாய்ச்சியவர்களில் நம் பெண்கள் எத்தனையோ பேர்.

அங்கே என்ன முறை? முதல் மூன்று மாதம் சின்னப் பையில், நிழலில். பெரிய பைக்கு மாற்றுமுன் நிழலைக் கொஞ்சம் கொஞ்சமாக விலக்குவார்கள். ஒரே நாளில் கூரையைப் பிரித்தால் கன்று கருகும் என்பது நர்சரியில் வேலை பார்த்த எந்த அம்மாவுக்கும் தெரியும். அதன்பின் திறந்த வெளியில், மூன்றடி இடைவெளியில், ஏறத்தாழ ஒரு வயது வரை வளர்த்துத்தான் வயலுக்கு அனுப்புவார்கள். அந்த அம்மா இன்று மகள் வீட்டு அடுக்குமாடியில் உட்கார்ந்திருக்கிறார். லயத்துக்குப் பின்னால் இருந்த கத்தரிக்காய்ப் பாத்தி போய்விட்டது. கையில் இருக்கும் வித்தையாவது வீட்டில் தங்கட்டும் என்றால், பேரப்பிள்ளைகள் அவரைக் கேட்பதே இல்லை. எனக்கு அதுதான் மனக்குறை.

சரி, தக்காளிக்கு வருவோம். முதல் இரண்டு நாள் வெளியில், ஆனால் நிழலில் மட்டும் வையுங்கள். காற்று படட்டும். மூன்றாம் நாள் காலை வெயில் ஒரு மணி நேரம். பிறகு நாளுக்கு ஒரு மணி நேரம் கூட்டுங்கள். இங்கே ஒரு விஷயம்: தமிழ்நாட்டுப் புத்தகம் பார்த்து "பன்னிரண்டு மணிதான் உச்சி" என்று நினைக்க வேண்டாம். 1982 ஜனவரி முதல் நம் கடிகாரம் அரை மணி நேரம் முன்னே தள்ளி வைக்கப்பட்டது. இங்கே சூரியன் உச்சிக்கு வருவது ஏறத்தாழ ஒன்றேகால் மணிக்கு. ஆகவே பதினொன்றிலிருந்து நான்கு வரை உள்ள வெயிலைக் கடைசி இரண்டு மூன்று நாளுக்கு விட்டுவையுங்கள். அப்போதும் முதலில் கறுப்பு வலைக்குக் கீழே.

இந்த நாட்களில் உரம் வேண்டாம். உரம் போட்டால் மறுபடியும் இளந்தளிர்தான் ஓடும். மேல்மண் காய்ந்த பிறகே தண்ணீர். மதியம் கொஞ்சம் துவண்டு சாயங்காலம் நிமிர்ந்தால் கவலையில்லை. காலையிலேயே துவண்டிருந்தால் தண்ணீர் விட்டு நிழலுக்குத் திருப்புங்கள். வெளுத்த இலை மீண்டும் பச்சையாகாது. நடுக்குருத்தைப் பாருங்கள், அது பச்சையாக இருந்தால் செடி பிழைக்கும்.

கறுப்புப் பையும் சிமெண்டுத் தரையும் சேர்ந்தால் வேர் வெந்துவிடும். கீழே இரண்டு செங்கல்லோ பலகையோ போட்டு வையுங்கள். மேகம் கறுத்தால் கூரைக்குள் இழுத்துவிடுங்கள். மெல்லிய தண்டை நம் மழை சாய்த்துவிடும்.

வெயில் வாட்டத்தையும் வாடல் நோயையும் குழப்பிக்கொள்ளக் கூடாது. இலை பச்சையாக இருக்கும்போதே செடி முழுவதும் தொங்கி, சாயங்காலமும் நிமிரவில்லை என்றால், அடித்தண்டில் ஒரு துண்டு வெட்டிக் கண்ணாடி டம்ளர் தண்ணீரில் தொங்கவிடுங்கள். சில நிமிடத்தில் பால்போல நூல் இறங்கினால் அது பாக்டீரியா வாடல். கண்ணேறு அல்ல. அந்தச் செடியை மண்ணோடு அப்புறப்படுத்துங்கள். மிளகாய், கத்தரி வளர்ந்த பழைய மண்ணில் இந்தக் கிருமி இருக்கக்கூடும். அதைத் தொட்டிக்கு எடுக்காதீர்கள். தைவானில் உள்ள உலகக் காய்கறி மையம் இந்த நோய்க்காகவும் கத்தரி வேர்மேல் தக்காளியை ஒட்டுக்கட்டும் முறையைப் பரப்பியது. அந்த ஒட்டுக்கன்றையும் முதலில் நிழலில் வைத்து, பிறகுதான் வெயிலுக்குப் பழக்குகிறார்கள்.

பத்து நாள் முடிந்ததும் பெரிய தொட்டிக்கு மாற்றலாம். சாயங்காலம் செய்யுங்கள். தண்டைக் கீழ் இலை வரை மண்ணில் புதைக்கலாம். தக்காளித் தண்டு வேர் விடும். பெரிய பழ ரகம் நம் வெப்பமான இரவில் பூத்தாலும் சரியாகக் காய்க்காது. செர்ரி வகையையோ, மார்டி வெளியிட்ட எம்டி 1 போன்ற தாழ்நில ரகத்தையோ தேடி வாங்குங்கள்.