வகுப்பறை வாயிலை நோக்கி



ஆறு முதல் எட்டாம் வகுப்பு வரை கற்பிக்க விழைவோர், தாகூர் கல்லூரியிலோ பாரதிதாசன் மகளிர் கல்லூரியிலோ சேரும் நாளிலேயே பாடத்தை ஆய்ந்து தெரிதல் வேண்டும். கிடைத்த பாடத்தில் சேர்வது போதாது. பட்டத்திற்குப் பின் பயிலும் பி.எட். படிப்பு 2015 முதல் ஈராண்டாயிற்று. 2010ஆம் ஆண்டு அறிவிக்கையின்படி ஆசிரியர் தகுதித் தேர்விலும் தேறுதல் வேண்டும். அதன் இரண்டாம் தாளில் வினாக்கள் 150. குழந்தை வளர்ச்சிக்கு 30. இரு மொழிகளுக்கு 60. கணிதம், அறிவியல் அல்லது சமூக அறிவியலுக்கு 60. எனவே பாடத்தில் வல்லவராயினும் மொழியைப் புறக்கணித்தோர் இடருறுவர். இன்றே நாள்தோறும் படித்தெழுதிப் பழகுங்கள்.

நம் முன்னோர்க்குப் பள்ளி வாயில் அடைபட்டிருந்தது. அவ்வாயிலில் நம்மவர் ஆசிரியராய் நின்றால், கடைசி வரிசைச் சிறுவனும் நிமிர்ந்து அமர்வான். அதற்காகவே படியுங்கள்.