பள்ளிக்குத் துணை நிற்போம்

(நாயுடுபேட்டையில் நடைபெற்ற சங்க ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



ஆண்டு விழா என்றால் பாட்டும் ஆட்டமும் பரிசளிப்பும் இருக்கும். அவற்றின் நடுவே ஒரு சொற்பொழிவும் இருந்தாக வேண்டும் என்பது நம்மவர் மரபு. அந்தச் சுமையை இவ்வாண்டு என் தலையில் ஏற்றிவிட்டார்கள். நான் முப்பது ஆண்டுகள் தொடக்கப் பள்ளியில் சுண்ணக்கட்டி பிடித்தவன். மேனகூருத் தொழிற்பேட்டையில் வேலை பார்க்கும் மகனோடு வாழ்வதற்காக இந்தச் சுவர்ணமுகி ஆற்றங்கரைக்கு வந்து சேர்ந்தவன். இலக்கியம் பேசும் புலமை எனக்கு இல்லை. எனக்குத் தெரிந்தது பள்ளிக்கூடம் ஒன்றே. ஆதலால், தளர்ந்து நிற்கும் தொடக்கப் பள்ளியைத் தாங்கி நிமிர்த்துவது எப்படி, அதில் மாவட்டக் கல்வித் துறையின் கடமை என்ன, பிழைக்க வந்த ஊரில் வாழும் நம் கடமை என்ன என்பனவற்றைப் பற்றியே பேசப் போகிறேன்.

நம் குடியிருப்பில் நடந்த ஒரு சிறு நிகழ்ச்சிதான் இந்தப் பேச்சுக்கு வித்து. ஒப்பந்த வேலைக்கு வந்த ஒரு குடும்பத்தின் பெண் குழந்தையை இங்கே ஒரு பள்ளியில் முதல் வகுப்பில் சேர்த்தார்கள். ஆசிரியை எண்களைச் சொல்லிக்கொடுக்கும்போது, "மூடு" என்றாராம். தெலுங்கில் மூடு என்றால் மூன்று. நம் குழந்தைக்கு அது தெரியுமா? சொன்ன சொல்லுக்குப் பணிந்து புத்தகத்தை மூடி வைத்தது. வகுப்பே சிரித்தது. குறும்பு என்று எண்ணி ஆசிரியை கடிந்துகொண்டார். அன்று முதல் அந்தக் குழந்தை வகுப்பில் வாய் திறக்கவில்லை. சில மாதங்களில் "மந்தமான பிள்ளை" என்ற பெயரும் வந்துவிட்டது. வீட்டிலோ அது நூறு வரை தடையின்றி எண்ணுகிறது!

அந்த ஆசிரியை பொல்லாதவர் அல்லர். நான் நேரில் சென்று பார்த்தேன். இரண்டு வகுப்புகளை ஒரே அறையில் வைத்துக்கொண்டு, ஒருபுறம் பதிவேடு, ஒருபுறம் சத்துணவுக் கணக்கு என்று அல்லாடிக்கொண்டிருந்தார். அவருக்கு அருகில் நின்று, "அம்மா, இந்தக் குழந்தைக்கு மொழிதான் தடை, அறிவில் குறை இல்லை" என்று சொல்ல ஓர் ஆள் இல்லை. தளர்ந்த பள்ளி என்று நாம் சொல்வதன் உட்பொருள் பல இடங்களில் இதுவே. தனியாக விடப்பட்ட ஆசிரியர் இருக்கும் பள்ளியே தளர்ந்த பள்ளி.

இதை நான் என் வாழ்விலேயே கண்டேன். வட ஆர்க்காட்டுச் சிற்றூர் ஒன்றில் நான் வேலைக்குச் சேர்ந்தபோது ஐந்து வகுப்புகளுக்கும் நான் ஒருவனே ஆசிரியன். முதல் ஆண்டு ஓர் ஆய்வாளர் வந்தார். நாற்காலியில் அமர்ந்தார், ஒரு பையனைப் படிக்கச் சொன்னார், அவன் திணறினான். "முன்னேற்றம் போதாது" என்று இரண்டு பக்கம் எழுதிவிட்டுப் போனார். மறு ஆண்டு வேறொருவர் வந்தார். அவர் நாற்காலியைத் தொடவே இல்லை. இரண்டாம் வகுப்புப் பிள்ளைகளோடு தரையில் அமர்ந்து ஒரு கதை சொன்னார். மூன்றாம் வகுப்பு எழுதிக்கொண்டிருக்கும்போது முதல் வகுப்பை எப்படி நடத்துவது என்று நடத்தியே காட்டினார். அடுத்த மாதம், "சொன்னது நடக்கிறதா?" என்று பார்க்க மீண்டும் வந்தார். நான் ஆசிரியனானது அந்த ஆண்டில்தான். முன்னவர் என் குறையை எழுதினார். பின்னவர் என் குறையைத் தீர்த்தார். மேலிருந்து வரும் உதவி எத்தகையதாக இருக்க வேண்டும் என்பதற்கு எனக்கு வேறு சான்று தேவைப்படவில்லை.

எனினும் ஒருவன் அனுபவம் ஊருக்கு வழக்காகாது அல்லவா? ஆதலால் நாடறிந்த செய்திகளைப் பார்ப்போம்.

முதலில் ஊராரின் கை. 1953இல் ஆந்திர மாநிலம் பிரியும் வரை நெல்லூரும் சித்தூரும் செங்கற்பட்டும் சென்னை மாகாணம் என்ற ஒரே குடைக்கீழ் இருந்தன. பிரிந்த பின், காமராசர் முதலமைச்சராகவும் நெ. து. சுந்தரவடிவேலு கல்வித் துறை இயக்குநராகவும் இருந்த காலத்தில், 1958இல் அன்றைய செங்கற்பட்டு மாவட்டத்துக் கடம்பத்தூரில் பள்ளிச் சீரமைப்பு மாநாடு ஒன்று கூடியது. தமிழ்நாட்டில் இவ்வகை மாநாடுகளுக்கு அதுவே தொடக்கம். இந்தத் திட்டத்தின் சிறப்பு என்னவென்றால், முதலில் ஒவ்வொரு பள்ளியிலும் என்ன இல்லை என்று பட்டியல் எழுதினார்கள். கரும்பலகை இல்லையா? கூரை ஒழுகுகிறதா? தண்ணீர்ப் பானை இல்லையா? பிள்ளைகளுக்குச் சீருடை இல்லையா? அந்தப் பட்டியலை ஊர்ப் பெரியவர்களிடம் காட்டினார்கள். ஒருவர் நிலம் தந்தார். ஒருவர் மரம் தந்தார். பொருளில்லாதவர் உழைப்பைத் தந்தார். அதன் பின் அத்தகைய மாநாடுகள் நூற்றுக்கு மேல் நடந்தன. அதற்கு முன்பே, 1956இல் ஊர் மக்களின் உதவியோடு தொடங்கிய பகல் உணவுத் திட்டமும் இந்த உணர்ச்சியில் விளைந்ததே. "பள்ளி அரசாங்கத்தினுடையது" என்று ஒதுங்கி நின்ற ஊர், "பள்ளி எங்களுடையது" என்று நெருங்கி வந்ததே அந்த இயக்கத்தின் பெரும்பயன்.

நாம் வாழும் ஆந்திரத்திலும் இத்தகைய முயற்சி உண்டு. 2019இல் தொடங்கிய 'நாடு–நேடு' திட்டத்தின் முதற்கட்டத்தில் 15,000க்கு மேற்பட்ட அரசுப் பள்ளிகளுக்குக் கழிப்பிடமும் குடிநீரும் மின்விசிறியும் இருக்கையும் கரும்பலகையும் அமைக்க ஏற்பாடு செய்தார்கள். பெற்றோர் குழுக்களின் வழியாகவே அந்தப் பணிகள் நடந்தன. கழிப்பிடம் இல்லாததால் பெண் பிள்ளையைப் பள்ளியிலிருந்து நிறுத்திய வீடுகளை அறிந்தவர்கள் இதைச் சிறிய உதவி என்று சொல்ல மாட்டார்கள். ஆயினும் கட்டடம் கற்பிக்காது. வெள்ளையடித்த சுவருக்குள்ளும் குழந்தை எழுத்தறியாமல் உட்கார்ந்திருக்கக் கூடும்.

இரண்டாவது, கற்பிக்கும் முறை. தொடக்கப் பள்ளியில் 60 குழந்தைகள் வரை இரண்டு ஆசிரியர்கள் என்பது 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டத்தின் அளவு. ஐந்து வகுப்பு, இரண்டு ஆசிரியர் என்றால், ஒருவர் பல வகுப்புகளை ஒருங்கே நடத்துவது விதிவிலக்கன்று, அதுவே விதி. இந்தச் சிக்கலுக்கு வழிகண்டவர்கள் நம் அண்டையிலேயே இருந்தார்கள். அன்று சித்தூர் மாவட்டத்தில் இருந்த மதனப்பள்ளிக்கு அருகில் ரிஷிவேலி என்ற இடம் உண்டு. அங்குள்ள கல்வி நிலையத்தார் சுற்றுச் சிற்றூர்களில் சிறு பள்ளிகள் நடத்தி, பாடத்தைச் சிறு சிறு படிகளாகப் பிரித்து, ஒவ்வொரு படிக்கும் ஓர் அட்டை செய்து, ஏணி போல் அமைத்தார்கள். குழந்தை தன் படியில் நின்று, தன் வேகத்தில் ஏறும். விட்ட நாளிலிருந்து தொடரும். காய்ச்சலில் பத்து நாள் படுத்த குழந்தையும், கரும்பு வெட்டப் போன பெற்றோரோடு ஒரு மாதம் சென்ற குழந்தையும் திரும்பி வந்து தன் படியிலேயே கால் வைக்கலாம்.

சென்னை மாநகராட்சியார் தம் ஆசிரியர்களை அங்கே அனுப்பிக் கற்று வரச் செய்தார்கள். 2003இல் சென்னையில் சில பள்ளிகளில் தொடங்கிய அம்முறை, 'செயல்வழிக் கற்றல்' என்ற பெயரில் 2007–08இல் தமிழ்நாடு முழுவதும் உள்ள தொடக்கப் பள்ளிகளுக்குப் பரவியது. சித்தூர்ச் சிற்றூரில் விளைந்த விதை தமிழ்நாட்டில் பயிரானது என்பதில் நமக்குத் தனி மகிழ்ச்சி உண்டு. பெருந்தொற்றுக் காலத்தில் பள்ளிகள் மூடிக் கிடந்த பின்னர், 2022இல் தமிழ்நாட்டில் வந்த 'எண்ணும் எழுத்தும்' திட்டமும் குழந்தைகளை அவர்கள் கற்றிருக்கும் நிலைக்கேற்ப அரும்பு, மொட்டு, மலர் எனப் பிரித்தது. பெயர் எவ்வளவு அழகு பாருங்கள்! அரும்பைப் பார்த்து, "நீ ஏன் மலரவில்லை?" என்று யாரும் அடிப்பதில்லை அல்லவா?

மூன்றாவதே மிக இன்றியமையாதது. அது துணை நிற்கும் ஆள். மத்தியப் பிரதேசத்தில் பள்ளிகளைத் தரம்பிரித்து மதிப்பிட்டு, ஒவ்வொன்றுக்கும் முன்னேற்றத் திட்டம் எழுதிய ஒரு பெரிய முயற்சியை ஆராய்ச்சியாளர்கள் அளந்து பார்த்தார்கள். மதிப்பீடுகள் ஒழுங்காக நடந்தன, திட்டங்களும் எழுதப்பட்டன, ஆனால் வகுப்பறையில் கற்பித்தலும் மாறவில்லை, பிள்ளைகளின் கல்வியும் உயரவில்லை. 2020இல் வெளியான முடிவு இது. அரியானாவிலோ, நிலைக்கேற்பக் கற்பிக்கும் முறையைப் புகுத்தியபோது, பள்ளிகளைப் பார்வையிடும் வட்டார அலுவலர்களே முதலில் சில வாரங்கள் வகுப்பெடுத்துப் பழகினார்கள். பின்னர் பள்ளி பள்ளியாகச் சென்று ஆசிரியருக்குத் துணை நின்றார்கள். நாள்தோறும் ஒரு மணி நேரம் அதற்கென ஒதுக்கப்பட்டது. அங்கே பிள்ளைகளின் இந்தி வாசிப்பு உயர்ந்தது. கணக்கில் அத்தகைய உயர்வு காணவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். எந்த மருந்தும் எல்லா நோயையும் தீர்ப்பதில்லை. ஆயினும் ஒரு பாடம் தெளிவு. காகிதத்தில் எழுதிய திட்டம் பள்ளியை நிமிர்த்தவில்லை. தானே கற்பித்துப் பார்த்த ஆளின் துணை நிமிர்த்தியது.

இங்கும் அதற்கான அமைப்புகள் உண்டு. மண்டலக் கல்வி அலுவலர் இருக்கிறார். மாவட்டத்தோறும் ஆசிரியர் பயிற்சி நிறுவனம் இருக்க வேண்டும் என்பது 1986ஆம் ஆண்டுக் கல்விக் கொள்கை. 1980களில் பிரிட்டன் உதவியோடு ஆந்திரத்தில் நடந்த தொடக்கக் கல்வித் திட்டம், அக்கம்பக்கத்து ஆசிரியர்கள் கூடிப் பேசும் மையங்களையும் ஏற்படுத்தியது. எலும்புக்கூடு இருக்கிறது, உயிர் ஊட்ட வேண்டும். அலுவலரின் ஒரு நாளில் புள்ளிவிவரம் கேட்பதற்கு எத்தனை மணி, வகுப்பில் அமர்வதற்கு எத்தனை மணி என்பதே அந்த உயிரின் அளவுகோல்.

இனி நம் பங்குக்கு வருகிறேன்.

"அரசுப் பள்ளி சரியில்லை, வேன் வரும் பள்ளியில் சேர்த்துவிட்டோம், நமக்கேன் இந்தக் கவலை?" என்று சிலர் நினைக்கலாம். அவர்களை நான் குறை கூறவில்லை. தம் பிள்ளையை வைத்துச் சோதனை செய்து பார் என்று எந்தத் தாயிடமும் நான் சொல்ல மாட்டேன். ஆனால் நம்மிடையே வேன் கட்டணம் கட்ட முடியாத குடும்பங்களும் உண்டு. வசதியுள்ளவர்கள் ஒவ்வொருவராய் விலக, பள்ளியில் எண்ணிக்கை குறைகிறது. எண்ணிக்கை குறைய, ஆசிரியரும் குறைகிறார். மிஞ்சியிருப்பவர்கள் ஏழைப் பிள்ளைகளே. நாம் விலகிச் செல்லலாம், முற்றிலும் கைவிடலாமா?

மூன்று காரியங்கள் நம் கையில் உள்ளன.

ஒன்று: கல்வி உரிமைச் சட்டப்படி பள்ளி மேலாண்மைக் குழுவில் நான்கில் மூன்று பங்கினர் பெற்றோராக இருக்க வேண்டும். அந்தக் கூட்டத்திற்கு நம்மவர் போகிறார்களா? "தெலுங்கு சரளமாக வராது" என்று தயங்கி வீட்டிலேயே இருந்துவிடுகிறோம். தெலுங்கு நன்கு அறிந்த ஒருவரைத் துணைக்கு அனுப்ப இந்தச் சங்கத்தால் முடியாதா? கூட்டத்தில் சண்டை பிடிக்க வேண்டாம். "என் பிள்ளை எந்தப் படியில் நிற்கிறது? அடுத்த படிக்கு வீட்டில் நாங்கள் என்ன செய்யலாம்?" என்று கேளுங்கள். அந்தக் கேள்வி ஆசிரியருக்கு உரமூட்டும்.

இரண்டு: முதல் வகுப்பில் சேரும் நம் குழந்தைகளுக்குத் தமிழும் தெலுங்கும் அறிந்த நம் தாய்மார்கள் சிலர் மாலையில் ஒரு மணி நேரம் பாலமாக இருக்கலாம். மூடு என்றால் மூன்று என்று முன்னரே ஒருவர் சிரித்துச் சொல்லியிருந்தால், அந்தக் குழந்தையின் வாய் மூடியிருக்காது.

மூன்று: நம் மொழியின் உரிமை. தொடக்க நிலையில் மொழிச் சிறுபான்மைக் குழந்தைகளுக்குத் தாய்மொழியில் கற்பிக்கப் போதிய வசதி செய்ய மாநிலங்கள் முயல வேண்டும் என்று 1956இல் அரசியலமைப்பில் 350அ என்ற உறுப்பைச் சேர்த்தார்கள். 1949இல் கூடிய கல்வி அமைச்சர்கள் மாநாடு, ஒரு வகுப்பில் 10 பேர் அல்லது ஒரு பள்ளியில் 40 பேர் இருந்தால் தாய்மொழி ஆசிரியர் ஒருவரையேனும் அமர்த்த வேண்டும் என்று வரையறுத்தது. நம் குடியிருப்பில் எத்தனை பேர் என்று நாம் எண்ணியதுண்டா? எண்ணாதவன் கேட்க முடியாது. முதலில் வீடு வீடாகச் சென்று ஒரு கணக்கெடுப்போம். எண்ணிக்கை போதுமானால் முறையாக விண்ணப்பிப்போம். போதாவிட்டால் ஞாயிறுதோறும் நாமே தமிழ் எழுத்துச் சொல்லிக்கொடுப்போம். இந்த ஊர் நமக்குச் சோறு போடுகிறது. அதன் மொழியையும் நம் பிள்ளைகள் நன்றாகக் கற்கட்டும். ஒரு கையில் தமிழ், மறு கையில் தெலுங்கு. இரண்டு கையும் இருந்தால்தானே கும்பிடலாம்!

அன்பர்களே, அந்தப் பெண் குழந்தையின் கதையை முடிக்காமல் விட்டேன். ஆசிரியையிடம் செய்தியை எடுத்துச் சொன்னபோது அவர் கண் கலங்கினார். மறுநாள் அந்தக் குழந்தையை அருகில் அழைத்து, விரல் மூன்றைக் காட்டி, "உங்க பாஷையில என்ன?" என்று தமக்குத் தெரிந்த தமிழில் கேட்டாராம். "மூணு" என்றது குழந்தை. "எங்களுக்கு மூடு" என்றார் ஆசிரியை. வகுப்பு முழுவதும் அன்று மூணும் மூடும் சேர்த்துச் சொன்னதாம். குழந்தை இன்னும் பின்தங்கித்தான் இருக்கிறது. ஒரே நாளில் எல்லாம் சரியாகிவிடவில்லை. ஆனால் இப்போது பேசுகிறது. இன்று மாலை இந்த மேடையில் பாடவும் போகிறது. அது தடுமாறினால் சிரிக்காதீர்கள். கூடச் சேர்ந்து பாடுங்கள். பள்ளிக்கு நாம் செய்ய வேண்டுவதும் அதுவே.