சிறு பாட்டில் வட்டிக் கணக்கு

(ஆனைகட்டியில் கல்லூரி மாணவர்கள், வளர்ச்சித் துறை அலுவலர்கள் முன் ஆற்றிய உரை)



பணத்தைப் பற்றிப் பேச வந்தவன் பாட்டைப் பற்றிப் பேசுகிறேனே என்று நீங்கள் வியக்கக் கூடும். பொருளாதாரத்தில் முதுகலைப் பட்டம் பெற்றுப் பணியில் புதிதாகச் சேர்ந்திருந்த நாட்களில், சிறுசேமிப்புப் பிரசாரத்திற்காக நான்கு வரிப் பாட்டுகள் சில எழுதிச் சுவரொட்டியாக அச்சிடச் செய்தேன். எதுகைக்கும் மோனைக்கும் குறைவில்லை. ஓர் ஊரில் அவற்றைப் படித்துக் காட்டியபோது வயதான விவசாயத் தொழிலாளி ஒருவர் எழுந்தார். "சேர்த்து வைக்கோணும்னு எங்களுக்கும் தெரியுமுங்க. வாங்குன கடனுக்கு எத்தனை கட்டறோம்னுதானுங்க தெரியலை" என்றார். அதற்கு என்னிடம் பாட்டு இல்லை.

பொருளைப் பற்றிச் சுருங்கச் சொல்வது தமிழுக்குப் புதிதன்று. திருக்குறளில் பொருள் செயல்வகை என்றே ஓர் அதிகாரம் உண்டு. வலியறிதல் அதிகாரமோ, வருவாய் சிறிதாயினும் செலவு அதனினும் விரியாதிருந்தால் கேடில்லை என்று குடும்ப வரவு செலவுத் திட்டத்தையே ஏழு சீர்களில் அடக்கிவிடுகிறது. முதலை மிஞ்சிச் செலவு செய்பவன் அடையும் இழிவை ஔவையாரின் நல்வழி எடுத்துரைக்கிறது. இவை அறிவுரைப் பாட்டுகள். நம்மிடம் இன்னொரு மரபும் இருந்தது. காரி நாயனாரின் கணக்கதிகாரம் அளவைகளையும் கணக்குகளையும் செய்யுளிலேயே தந்தது. திண்ணைப் பள்ளியில் பிள்ளைகள் எண்சுவடியை ஓதி மனப்பாடம் செய்தனர். இன்று சேமிப்பைப் பற்றி எழுதுவோர் முதல் மரபை மட்டும் எடுத்துக்கொண்டு, எண்ணைக் கைவிட்டுவிட்டனர் என்பதே என் குறை. என் சுவரொட்டிகளும் அந்த இனத்தைச் சேர்ந்தவையே.

இதனால் விளையும் தீங்கைப் பாருங்கள். வங்கியில் 12 வட்டி என்றால் அது நூறு ரூபாய்க்கு ஓர் ஆண்டுக்கான வட்டி. தெருவில் 5 வட்டி என்றால் அது நூறு ரூபாய்க்கு ஒரு மாத வட்டி. காலத்தைச் சொல்லாமல் எண்ணை மட்டும் கேட்பவருக்கு ஐந்து, பன்னிரண்டைவிடக் குறைவாகத்தானே தோன்றும்? உண்மையில் அது ஆண்டுக்கு 60. கட்டாத வட்டி முதலோடு சேர்ந்துகொண்டே போனால் 15 மாதத்திற்குள் கடன் இரு மடங்காகிவிடும். 2003இல் தமிழ்நாடு அரசு கந்து வட்டியைத் தடை செய்து சட்டம் இயற்றியது. ஆயினும் கடன் வாங்குகிறவரின் காதில் முதலில் விழுவது சட்டமன்று, "அஞ்சு வட்டிதான்" என்னும் சொல்லே.

மலைப்பகுதியில் இதன் விலை இன்னும் அதிகம். இங்கிருந்து எல்லையைக் கடந்தால் பாலக்காடு மாவட்டத்தின் அட்டப்பாடி. இருளர், முடுகர், குறும்பர் வாழும் பகுதி. பழங்குடியினரிடமிருந்து கைமாறிப்போன நிலங்களை மீட்டுத் தர 1975இலேயே கேரளம் சட்டம் இயற்ற வேண்டியிருந்தது. கொத்தடிமை முறையை ஒழிக்கும் மத்தியச் சட்டம் 1976இல் வந்தது. கணக்குத் தெரியாத கடன் ஒருவருடைய உழைப்பையே பிணையாக்கிவிடும் என்பதை நாடு அப்போதே ஏற்றுக்கொண்டது.

படித்தவர்கள் இதற்கு விலக்கு என்று எண்ண வேண்டாம். பெருந்துறைப் பகுதியில் ஈமு கோழி வளர்ப்பில் மாதந்தோறும் பணம் என்ற வாக்குறுதியை நம்பி முதலீடு செய்தோர் 2012இல் முதலையே இழந்து நின்றனர். 'பேராசை பெருநட்டம்' என்பதை அறியாதவர் அவர்களில் எவர்? தம்மைப் பேராசைக்காரர் என்று யாரும் கருதுவதில்லை. ஆகவே பழமொழி அண்டை வீட்டாருக்குத்தான் பொருந்துகிறது. கோழியை வாங்குவோர் யார், கிலோ என்ன விலை என்று கேட்கச் சொல்லும் இரண்டு வரி அவர்கள் நினைவில் இருந்திருந்தால் பயன்பட்டிருக்கும்.

பெண்களின் சிறுவாட்டைப் பற்றியும் ஒரு சொல். அதைக் குறை கூற எனக்கு மனமில்லை. பல வீடுகளைக் காத்தது அதுவே. எனினும் 2016 நவம்பர் 8ஆம் நாள் இரவு, பழைய 500, 1000 ரூபாய்த் தாள்கள் செல்லாது என்ற அறிவிப்பு அரிசிப் பானைகளுக்குள்ளும் எட்டியது. அப்படி ஏதும் நேராவிட்டாலும் விலைவாசி ஓசையின்றித் தன் வேலையைச் செய்கிறது. அதற்காக நான் எழுதியது இது:

பானைக்குள் நூறு ரூபாய்
பத்திரமாய் இருக்கிறது.
அது வாங்கும் அரிசிதான்
ஆண்டுக்கு ஆண்டு குறைகிறது.

கடனுக்காக எழுதிய வரிகளை இன்று காலை இங்குள்ள மகளிர் சுய உதவிக் குழுவொன்றில் படித்தேன். 'நூற்றுக்கு ஐந்து' என்று தொடங்கி, 'மாதத்திற்கு' என்பதை இரண்டாம் வரியில் வைத்திருந்தேன். எழுதப் படிக்கத் தெரியாத மூதாட்டி ஒருவர் மறுத்தார். மாதம் என்பதை முதலில் சொல்லுங்கள் சார், பணத்தைக் கண்டவன் இரண்டாவது வரி வரைக்கும் நிற்பானா என்று கேட்டார். மாற்றிவிட்டேன். இப்போது அது இவ்வாறு இருக்கிறது:

மாதம் ஐந்து, நூற்றுக்கு;
ஆண்டு வந்தால் அறுபது.
கட்டாமல் விட்டால்
பதினைந்தாம் மாதம் கடன் இரண்டு.

இதை இருளர் மொழியில் அவர்களே சொல்லிப் பார்ப்பதாகக் கூறியிருக்கிறார்கள். அடுத்த மாதக் கூட்டத்தில் கேட்க வேண்டும்.