கோழி இட்டது, முட்டை கிடந்தது

ஆங்கிலத்தில் 'லை' என்றால் கிடப்பது, படுத்திருப்பது. 'லே' என்றால் ஒன்றைக் கிடத்துவது, வைப்பது. முன்னது தன்வினை, பின்னது பிறவினை. 'லே' வரும் வாக்கியத்தில் 'எதை?' என்ற கேள்விக்கு விடை இருந்தாக வேண்டும். கொத்தனார் செங்கல் வைத்துச் சுவர் எழுப்பினால் 'லே'. அதே செங்கல் தெருவோரம் சும்மா கிடந்தால் 'லை'.

தொல்லை தருவது இறந்தகாலம். 'லை'யின் இறந்தகாலமும் 'லே'தான்! நேயர்கள் காதில் விழுந்தது சரியே. 'லே'க்கு இறந்தகாலம் 'லெய்ட்'. கோழி நேற்று முட்டையிட்டது, 'தி ஹென் லெய்ட் அன் எக்'. அந்த முட்டை வைக்கோலில் கிடந்தது, 'தி எக் லே இன் தி ஸ்ட்ரா'. மூன்றாம் வடிவம் 'லை'க்கு 'லேன்', 'லே'க்கு மறுபடியும் 'லெய்ட்'. பொய் சொல்வதற்கும் 'லை' என்றுதான் பெயர். அது வேறு சொல். அதன் இறந்தகாலம் 'லைட்' என்று சாதுவாக முடிந்துவிடும்.

இந்த இரட்டையர் பிறந்த கதைதான் சுவையானது. பழைய ஆங்கிலத்தில் இவை 'லிஜ்ஜன்', 'லெஜ்ஜன்'. ஜெர்மானிய மொழிகளின் தாய்மொழியில் ஒரு வினையோடு யகர விகுதி சேர்ந்தால் 'செய்வித்தல்' என்ற பொருள் வரும். அந்த யகரம் முன்னிருந்த அகரத்தை எகரமாக்கிவிட்டுக் காலப்போக்கில் தேய்ந்து போயிற்று. உயிரெழுத்து மாற்றம் மட்டும் தங்கியது. உட்காருவதற்கு 'சிட்', வைப்பதற்கு 'செட்'. விழுவதற்கு 'ஃபால்', மரத்தை வெட்டிச் சாய்ப்பதற்கு 'ஃபெல்'. எல்லாம் அந்தப் பழைய விகுதி விட்டுச்சென்ற தடங்கள். திருந்து, திருத்து; உருள், உருட்டு; கிட, கிடத்து என்று தமிழ் பேசுவோர் நாள் முழுவதும் செய்வதும் இதே வேலைதான். ஆங்கிலமோ இந்த முறையில் புதுச் சொல் ஆக்குவதை எப்போதோ நிறுத்திவிட்டது. உயிரோடு இல்லாத இலக்கணத்தை மனப்பாடமாகத்தான் காப்பாற்ற முடியும்.

அதனால் ஆங்கிலேயரே தடுமாறுகிறார்கள். 1818இல் வெளிவந்த 'சைல்ட் ஹெரால்ட்' நான்காம் காண்டத்தில், 'லை' வர வேண்டிய இடத்தில் கவிஞர் பைரன் 'லே' போட்டார். எதுகைக்கு அதுதான் இசைந்தது. பாப் டிலனின் 1969ஆம் ஆண்டுப் பாடல் ஒன்றின் தலைப்பே 'லே லேடி லே'. படுக்கச் சொல்ல 'லை டவுன்' என்பதே இலக்கணம். 'லே டவுன்' பேச்சில் சகஜம். எழுத்தில் மட்டும் திருத்துவோரின் சிவப்பு மை இன்னும் அதை விடுவதில்லை.