மரப்பேனாவும் போர்ட்ஸ்மத் கப்பிகளும்

மரப்பேனா என்றதும் லேத்தில் சுழலும் கட்டையும் உளியும்தான் நினைவுக்கு வருகின்றன. கடைசல் மிகப் பழைய வித்தை. எகிப்தில் பெட்டோசிரிஸின் கல்லறைச் சிற்பத்தில், கி.மு. 4ஆம் நூற்றாண்டின் இறுதியிலேயே, ஒருவர் கயிற்றை இழுத்துச் சுழற்ற இன்னொருவர் கடைகிறார். ஆனால் உளி வடிவத்தைத்தான் தரும். ஒவ்வொரு முறையும் பாகங்கள் அதே இடத்தில் போய் உட்கார வேண்டுமென்றால், அவற்றைப் பிடித்து இடத்தை நிர்ணயிக்கும் ஜிக் என்ற சாதனம் வேண்டும். மரவேலையின் வரலாற்றில் அதற்குரிய இடத்தை நாம் இன்னும் கொடுக்கவில்லை என்பதே என் வாதம்.

இங்கிலாந்தின் போர்ட்ஸ்மத் கப்பல்துறையைப் பாருங்கள். நெப்போலியனோடு போர் நடந்த காலம். பாய்மரக் கயிறுகளை இழுக்கக் கடற்படைக்கு ஆண்டுக்கு லட்சம் கப்பிகள் தேவைப்பட்டன. எல்ம் மரக்கூடு, லிக்னம் விட்டே என்ற கடின மரத்தில் சக்கரம், அதன் நடுவில் உலோகப்பூண். இவற்றைச் செய்ய மார்க் புரூனல் வடிவமைத்து, ஹென்றி மாட்ஸ்லே கட்டிக்கொடுத்த 45 இயந்திரங்கள் 1808இல் சுமார் 1,30,000 கப்பிகளைத் தந்தன. இதில் என்னைக் கவர்வது வேகமல்ல. முதலில் துளையிடும் இயந்திரத்தின் பிடியே கட்டையில் சிறு பள்ளங்களைப் பதித்துவிடும். அடுத்தடுத்த இயந்திரங்கள் அதே பள்ளங்களில்தான் கட்டையைப் பிடித்தன. மறுபடி அளக்கும் வேலையே இல்லை. அளவு கட்டையோடு கூடவே பயணித்தது.

மரப்பேனாவிலும் சிக்கல் இதுதான். மரத்துக்குள் ஒட்டிய 7 மில்லிமீட்டர் பித்தளைக் குழாயில், திருகினால் ரீஃபிலை நகர்த்தும் பொறியை அழுத்திச் செருக வேண்டும். கொஞ்சம் அதிகமாக இறங்கினால் ரீஃபில் முனை உள்ளே போகாமல் எப்போதும் நீட்டிக்கொண்டிருக்கும். குறைந்தால் எழுதும் அளவுக்கு வெளியே வராது. இறுகிய பொறியைத் திரும்ப எடுப்பதும் லேசான காரியமல்ல. வைஸ் என்ற இறுக்குபிடி போதாதா என்று கேட்கலாம். வைஸ் அழுத்தும், எங்கே நிறுத்துவது என்று அதற்குத் தெரியாது. பாகம் சற்றே சாய்ந்து இறங்கினாலும் மரத்தில் விரிசல் விழும். பலகை ஒன்றில் நேர்கோட்டில் வைத்த இரு கட்டைகளும், நகர்த்தி இறுக்கக்கூடிய ஒரு தடுப்புக்கட்டையும் கொண்ட ஜிக் இந்த இரண்டு குறைகளையும் தீர்க்கிறது.

ஜிக் கைத்திறனைக் கொன்றுவிடும் என்பது கனமான ஆட்சேபணை. போர்ட்ஸ்மத்தில் 110 கைவினைஞர்களின் வேலையைப் பயிற்சியில்லாத 10 பேர் செய்தார்கள் என்ற கணக்கு அதற்கு வலுச் சேர்க்கிறது. அந்த இழப்பை நான் மறுக்கவில்லை. ஆனால் அங்கே அளவை நிர்ணயித்தவர் ஒருவர், கைப்பிடியை இழுத்தவர் வேறொருவர். வீட்டுப் பட்டறையில் இருவரும் ஒரே ஆள். தடுப்புக்கட்டையை எங்கே இறுக்குவது என்று தெரிய, முதல் பேனாவின் பொறியைக் கொஞ்சம் கொஞ்சமாக அழுத்தி, ஒவ்வொரு முறையும் ரீஃபிலைப் போட்டுத் திருகிப் பார்த்துத்தான் ஆக வேண்டும். வேறு மாதிரிப் பேனாவுக்கு மாறினால் அந்தச் சோதனையை மறுபடி முதலிலிருந்து செய்ய வேண்டும்.