சுகத்துக்குப் பின் சாப்பாடு
(குற்றாலத்தில் நடந்த ஆதரவாளர் கூடுகையில் பேசியது)



யவீருவின் மகளை ஆண்டவர் உயிரோடு எழுப்பியதை எல்லாரும் அறிவோம். உடனே அவர், பிள்ளைக்குச் சாப்பிடக் கொடுக்கும்படியும் சொன்னார். அதை நாம் அதிகம் நினைப்பதில்லை. நாங்களும் ஒருமுறை அதில் தவறினோம்.

தென்காசிப் பக்கத்துச் சகோதரி ஒருவர், மிகுந்த உடற்பருமனும் சர்க்கரை நோயும் இருந்தபடியால், வெளியூரில் இரைப்பையைச் சிறிதாக்கும் அறுவை சிகிச்சை செய்துகொண்டு, தொடர் கவனிப்புக்கு எங்களிடம் வந்தார்கள். "தினமும் இரண்டு தம்ளர் பால் குடியுங்கள்" என்று சொல்லி அனுப்பினோம். பால் குடித்ததும் வயிறு உப்பி, பேதியாயிற்று. சொல்லக் கூச்சப்பட்டுக் கஞ்சியோடு நாட்களைக் கழித்தார்கள். எடை குறையக் குறைய வீட்டார் மகிழ்ந்தார்கள். முடி கொட்டி, படியேறப் பெலனின்றி வந்தபோதுதான் எங்களுக்கு விளங்கிற்று. கொழுப்போடு தசையும் கரைந்திருந்தது.

இந்தச் சிகிச்சையின் வேர் மிஷன் மருத்துவத்துக்கு அந்நியமானதல்ல. எவரெஸ்ட் ஏறச் சென்ற டாக்டர் சாமர்வெல், 1920-களிலிருந்து நெய்யூர் மிஷன் மருத்துவமனையில் குடல்புண் நோயாளிகளுக்கு வயிற்று அறுவை சிகிச்சை செய்துவந்தார். குடல்புண்ணுக்காக இரைப்பையின் பகுதியை இழந்தவர்கள் மெலிவதைக் கவனித்தே, 1966-ல் அமெரிக்க டாக்டர் எட்வர்ட் மேசன் பருமனுக்கு இத்தகைய சிகிச்சையைத் தொடங்கினார்.

இவர்களுக்கு நாளொன்றுக்குக் குறைந்தது 60 கிராம் புரதம் தேவை. வயிறோ சில வாய்க்குள் நிறைந்துவிடும். ஆகையால் தட்டில் புரதத்தையே முதலில் சாப்பிட வேண்டும். சாப்பாட்டோடு தண்ணீர் குடிக்கக் கூடாது. 200 மி.லி. பாலிலும் ஒரு முட்டையிலும் சுமார் 6 கிராம் புரதம் உண்டு. 100 கிராம் மீனில் ஏறக்குறைய 20 கிராம் கிடைக்கும். பால் ஒவ்வாதவர்களில் பலருக்குத் தயிர் ஒத்துக்கொள்ளும். உறையும்போது பாலிலுள்ள சர்க்கரை சற்றுக் குறைகிறது. தண்ணீராய்க் கரைத்த மோரில் புரதம் சொற்பமே. சொதிக்கு ஊற்றும் தேங்காய்ப்பாலும் பெயருக்குத்தான் பால்.

அந்தச் சகோதரிக்குக் கெட்டித் தயிர், அவித்த முட்டை, முள் நீக்கிய மீன், மசித்த பயறு என்று சிறிது சிறிதாகக் கொடுக்கச் செய்தோம். கர்த்தருடைய கிருபையால் பெலன் திரும்பிற்று. இன்று ஆலயத்துக்கு நடந்தே வருகிறார்கள்.

உங்களிடம் இரண்டு விண்ணப்பங்கள். சீசனுக்கு வரும்போது பார்டர் பரோட்டாவும் அல்வாவும் வாங்கிக்கொண்டு போய், இப்படிப்பட்டவர்களை "ஒரு வாய்" என்று வற்புறுத்தாதிருங்கள். இனிப்பு சட்டென்று குடலில் இறங்கினால் படபடப்பும் வியர்வையும் உண்டாகும். இரண்டாவது, அறுவை சிகிச்சைக்கென்று கேட்டால் மனமுவந்து கொடுக்கிறீர்கள்; அதற்குப் பிந்திய முட்டைக்கும், ஆயுள் முழுதும் வேண்டிய வைட்டமின் மாத்திரைக்கும், இரத்தப் பரிசோதனைக்கும் கேட்பாரில்லை. ஏழை வீட்டில் சிகிச்சை தோற்பது பெரும்பாலும் அங்கேதான்.

பிள்ளைக்குச் சாப்பிடக் கொடுக்கச் சொன்னவர், அந்த வேலையை நம் கையில் தந்திருக்கிறார். எங்களுக்காக ஜெபித்துக்கொள்ளுங்கள்.